பாவாயி நிறுத்திய மாத்திரை

தலைச்சோலை மலைக்கிராமத்துப் பாவாயிக்கு இருபத்திரண்டு வயதில் மெட்ராசில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்று வைத்தார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்திருந்தது. வால்வில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசு முழுக்கத் தினம் ஒரு மாத்திரை. அக்கம்பக்கம் சத்தமில்லாதபோது நெஞ்சுக்குள் அந்த வால்வு டிக் டிக்கென்று அடிப்பது அவளுக்கே கேட்கும். ஆரம்பத்தில் அந்தச் சத்தம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

1984இல் முதல் குழந்தை பிறந்தது. மூக்குத் தண்டு இருக்க வேண்டிய இடம் பள்ளமாகக் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கர்கர்ரென்று இழுத்தது. பதினோராம் நாள் அந்தச் சத்தம் நின்றுபோனது. எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் மரியபுஷ்பம் பார்க்க வந்தவள், பாவாயியை மட்டும் தனியே கூப்பிட்டாள்.

"உன் மாத்திரை வயித்துப் புள்ளையத் தொட்டிருக்கும்னு நெனைக்கறேன் கண்ணு. இன்னொருக்கா நாள் தள்ளுனா, மொத ஆளா எங்கிட்ட வந்து சொல்லு."

இரண்டு வருடம் கழித்து ஐப்பசியில் நாள் தள்ளியது. பாவாயி யாரிடமும் போகவில்லை. வால்வு வைத்த உடம்புக்குப் பிள்ளை ஆபத்து என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னது அவள் நினைவில் இருந்தது. சொன்னால் கலைத்துவிடுவார்கள். சாயங்காலம் கணவன் பொன்னுவேல் பார்க்க மாத்திரையை வாயில் போடுவாள். பிறகு கொல்லைக்குப் போய்க் காப்பிச் செடியடியில் துப்பி, காலால் மண்ணைத் தள்ளுவாள்.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தைரியம் வந்தது. மார்கழியில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது. பனி மூடிய ஒரு காலையில், கூடையை இறக்கி வைத்துக் குந்தியபோது, நெஞ்சுச் சத்தம் மங்கிப் போயிருப்பதைக் கவனித்தாள். துணி சுற்றிய பொருளைத் தட்டுவதுபோல இருந்தது. ஒழிந்தது தொல்லை என்று சந்தோஷப்பட்டாள்.

நாலு நாளில் மேட்டு வரிசைக்கு ஏற முடியவில்லை.

"ஏன் பாவாயி, இப்படி எளைக்குது?" என்றான் பொன்னுவேல்.

"பனிங்க. வேறொண்ணுமில்லீங்க."

மறுநாள் பழத்தைப் பற்றிய வலது கை அப்படியே தொங்கிவிட்டது. அவள் கையைப் பார்த்தாள். அது யாருடைய கையோ போல இருந்தது. கூப்பிட வாயெடுத்தால் குழறலாக வந்தது. எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினார்கள். மரியபுஷ்பம் பின்சீட்டில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை பாவாயி இடது கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

வால்வில் ரத்தம் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் பல நாள் ஊசி மருந்து ஏற்றிய பிறகுதான் பேச்சு தெளிந்தது. மாத்திரையைத் துப்பியதை அப்போதுதான் சொன்னாள். வயிற்றுப் பிள்ளை தப்பியிருந்தது. டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"நீ பயந்ததுல தப்பில்லம்மா. முதல் மூணு மாசம் அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது. ஆனா, கருவுக்குப் போகாத ஊசி இருக்கு. வந்து சொல்லியிருந்தா அதுக்கு மாத்தியிருப்போம். நீயா நிறுத்துனியே, அதுதான் உன்ன இங்க கொண்டுவந்துச்சு."

நாலாம் மாதம் முதல் மறுபடி மாத்திரை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கடைசி மாதம் ஆஸ்பத்திரியிலேயே வைத்து மீண்டும் ஊசி. விழுங்கிய ஒவ்வொரு மாத்திரைக்கும் அவள் உடம்பு கூசியது. ஆனியில் பெண் குழந்தை பிறந்தது.

"மூக்கு இருக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மூக்கு இருந்தது. ஊசியை நிறுத்தி மாத்திரையைக் கையில் கொடுத்ததும் பாவாயி குழந்தையை மார்பிலிருந்து பிரித்துவிட்டாள். பால் கட்டி, காய்ச்சல் வந்தது. குழந்தை பசியில் வீறிட்டது. மரியபுஷ்பம் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள்.

"டாக்டரம்மாவக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். வயித்துக்குள்ள போன மாதிரி இது பால்ல எறங்காது. நீ மாத்திரையும் போடலாம், பாலும் குடுக்கலாம்."

"எறங்குனா, நர்சம்மா?"

"எறங்காது சாமி. குடு."

கொடுத்தாள். ஆனால் தலைச்சோலைக்குத் திரும்பிய பிறகும் தினமும் காலை வெயிலில் பிள்ளையின் துணியைக் களைந்து, மாத்திரை பாலில் இறங்கித் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து உள்ளங்கால் வரை எங்காவது நீலம் பாரித்திருக்கிறதா என்று தேடுவாள். ஆராயி என்று பெயர் வைத்தார்கள்.

எட்டாம் மாதம் குழந்தை தவழ்ந்து போய் ஆட்டுக்கல்லில் நெற்றியை இடித்துக்கொண்டது. கருநீலமாய்ப் புடைத்தது. பாவாயி அழவில்லை. குழந்தையை மடியில் போட்டு அந்த இடத்தையே பார்த்திருந்தாள். சாயங்காலம் பொன்னுவேல் மாத்திரையும் தண்ணியும் கொண்டுவந்து நின்றான்.

"இன்னிக்கு வேண்டாமுங்க."

"நானும் இங்கயேதான் உக்காந்திருப்பேன். நீ முழுங்கு."

இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் இடது கையால் வாங்கி விழுங்கினாள். வலது கையில் இன்னும் பிடி வரவில்லை. நெற்றி வீக்கம் மஞ்சளாகி வற்ற ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, மாத்திரையையும் பாலையும் மட்டும் நிறுத்தவில்லை.