பனியை ஆளென்று நினைக்கும் கேமரா

போன வாரம் கொடைக்கானல் மலையிலுள்ள வடகவுஞ்சிக்குப் போனேன் – ஒரு கேமராவைக் கழற்ற.

செல்வராஜ் அண்ணன் இறந்து ஒரு மாதம். மலைப்பூண்டு விவசாயி, கருவிப் பைத்தியம். சிக்னல் தேடி ஊரே மேட்டில் ஏறி நிற்கும். அவரோ வீட்டுக்குக் கேபிள் இழுத்து, பல்பைக்கூட இன்டர்நெட்டில் இணைத்திருந்தார்!

"ரிமோட்ட அமுக்கினா எரியிறது ஸ்மார்ட் இல்ல தம்பி. தானா உணரணும்... அடுத்ததுக்குத் தகவல் சொல்லணும்... நாம சொல்லாமலே செய்யணும்" என்பார்.

வகையும் பிரிப்பார். உடம்பில் கட்டுவது – வாட்ச். வீட்டுக்கு உழைப்பது – பல்பு, கீஸர். காட்டில் நிற்பது – பூண்டுப் பாத்தியின் ஈரம் சொல்லும் சென்சார். காவல் காப்பது – வாசல் கேமரா.

இந்தக் காவல்காரனால்தான் சிக்கல். மூடுபனி நகர்ந்து வந்தால் ஆளென்று நினைத்துவிடுகிறது. உடனே போனில் செய்தி: 'வாசலில் யாரோ.' அண்ணன் மனைவி மேரி மதினி எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார். ஒவ்வொரு முறையும்! கோவையில் இருக்கும் மகளின் போனுக்கும் அந்தப் படம் போகிறது.

"அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங், அங்கிள். குளிர்ல வந்து வந்து நிக்கிறாங்க. அதக் கழட்டிருங்க, ப்ளீஸ்" என்று எனக்குப் போன் செய்து அழுதாள்.

ஏணியோடு போனேன். மதினி டீ போட்டார். அண்ணன் படத்தடியில் அவருடைய வாட்ச், முழு சார்ஜோடு. தொட்டதும் ஒளிர்ந்தது – 'இன்று நீங்கள் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை.'

கவிழ்த்து வைத்தேன். வேறென்ன செய்ய?

"மதினி, அது வெறும் பனிதான்..."

"மிஸ்ட்டுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத லூசா நானு? வெள்ளனே காட்டுக்குப் போற மனுசன் திரும்புறப்போ இதுதான் தம்பி சத்தம் குடுக்கும். பனிதான்னு தெரியுது. தொறக்காம உக்காரத்தான் முடியல."

நான் ஏணியைச் சுவரில் சாய்த்தேன். உள்ளே கொடியில் கிடந்த அண்ணனின் ஜெர்கினை எடுத்துவந்து கதவு ஆணியில் மாட்டினேன்.

"தொறக்கணும்னா இதப் போட்டுக்கிட்டுத் தொறங்க."

"உங்கண்ணன் சைசுக்கு என்ன மாதிரி ரெண்டு பேரு உள்ள போகலாம்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பள்ளத்திலிருந்து பனி, பதினொரு மணி வெயிலை விழுங்கியபடி ஏறி வந்தது. போன் ஒலித்தது. 'வாசலில் யாரோ.'

மதினி ஜெர்கினைப் போட்டுக்கொண்டார். கைகள் விரலையும் தாண்டித் தொங்கின. கதவைத் திறந்து, வாசலில் இறங்கி, கேமராவுக்கு முதுகு காட்டி நின்றார்.

சற்று நேரத்தில் மகள் அழைத்தாள். அந்தப் படம் அவள் போனுக்கும் போயிருந்தது.

"அங்கிள்... முதுகு அப்பா மாதிரியே இருக்கு. கேமராவக் கழட்டாதீங்க."

யாரும் சொல்லாமலே செய்தது ஜெர்கின்தான்; அண்ணன் பிரித்த எந்த வகையிலும் அது கிடையாது!