முழுக்க நிரப்பிக் கொடுத்தேன்

என் தங்கையின் கணவர் விழுவார் என்று தெரிந்திருந்தும் வண்டியை அவர் கையில் கொடுத்தவன் நான்.

தெரிந்திருந்தும்... அந்தச் சொல்லை நான் மாற்றப் போவதில்லை. விழலாம் என்றுதான் தெரியும், விழுவார் என்று தெரியாது என என் மனம் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறது. ஆடட்டும். கேட்டு முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

அது ஒற்றைச் சக்கர மின்வண்டி. நடுவில் ஒரு சக்கரம், ஏறி நிற்க இரண்டு பக்கமும் இரண்டு பலகைகள், அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். ஓட்டுகிற மோட்டார்தான் நம்மை விழாமல் தாங்கவும் வேண்டும். கட்டாரில் வேலை செய்த கூட்டாளி ஒருவன் கொண்டுவந்து, தனக்கு ஏற வராமல், என் தலையில் கட்டிவிட்டான். மாத்தளை டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர்!

எங்கள் வீடு பழைய தோட்டத்தின் உச்சியில் இருக்கிறது. வாசலை விட்டு இறங்கினால் நாவுல மெயின் ரோடு வரைக்கும் ஒரே பள்ள இறக்கம். சந்தித் தேநீர்க் கடையில் வண்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, எவ்வளவு ஸ்பீடு போகும் என்று. அடுத்த கேள்வி, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து மேட்டில் இழுக்குமா என்று. ஒழுங்காக இறங்குமா, நிற்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

அவர்களுக்குக் காட்டவேண்டும் என்றே மேட்டில் விரட்டுவேன். சக்திக்கு மிஞ்சிப் போனால் அது 'கீக் கீக்' என்று கத்தும். இதற்குமேல் என்னால் தாங்க முடியாது, குறைத்துக்கொள் என்பது அதன் பொருள். ஏன் கத்துகிறது என்று ஒருநாள் சூசை மச்சான் கேட்டார். என் தங்கை ரெஜினாவைக் கட்டியவர், டைல்ஸ் பதிக்கிற மேசன் பாஸ். கடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று எப்படிச் சொல்வேன்?

"பவர் கூடும்போது அப்பிடித்தான் கத்தும் மச்சான்" என்றேன்.

ஒரு வாய்ச்சவடால்... அவ்வளவுதானே என்று நினைத்தேன்!

வஹகோட்டை தேவாலயத் திருவிழாவுக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். த்ரீவீல்களுக்கும் லொறிகளுக்கும் நடுவில் வைத்து மந்திரித்துக்கொண்டேன். தீர்த்தம் தெளித்த பாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம், வீட்டு வாசலிலிருந்து பள்ளத்தில் இறங்கியபோது வண்டி கத்தியது, பலகையின் முன்பக்கம் நிமிர்ந்து என்னைப் பின்னால் சாய்த்தது, பிறகு என் காலுக்குக் கீழே சட்டென்று செத்துப்போனது. ரோட்டோரத்துத் தண்ணீர்க் காணுக்குள் கிடந்தேன்.

சிராய்ப்போடு தப்பினேன். கேட்டவர்களிடம் நாய் குறுக்கே பாய்ந்துவிட்டது என்றேன். மந்திரித்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் என் வண்டி என்னைக் கவிழ்த்தது என்று சொல்ல நா எழவில்லை. சந்தியில் இருந்த ஒரே நாய் அந்தக் கிழட்டுக் கறுப்பன்தான். நடக்கவே சோம்பல்படும் அதற்கு அன்றிலிருந்து எல்லோரிடமும் ஏச்சு.

காரணத்தை அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்தேன். பள்ளத்தில் இறங்கும்போது மோட்டார் நம்மை இழுத்துப் பிடிக்கிறது. அப்படிப் பிடிக்கையில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் திரும்பிப் போக வேண்டும். பேட்டரி ஏற்கனவே நிரம்பியிருந்தால் அது எங்கே போகும்? நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுகிற கதைதான், வண்டி தானாக அணைந்துவிடும். சமவெளியில் இருப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஓடி ஓடிக் கொஞ்சம் தீர்ந்துவிடும். வாசலிலேயே பள்ளம் தொடங்குகிற எங்களைப் போன்றவர்கள்தான் முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது.

அன்றிலிருந்து எனக்கு மட்டும் குறைவாகச் சார்ஜ் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் சூசை மச்சானுக்கு நாவுல பக்கம் ஒரு புது வீட்டில் வேலை கிடைத்தது. காலை பஸ்ஸை நம்ப முடியாது, ஒரு வாரத்துக்கு வண்டியைத் தாங்க என்று கேட்டார். தோட்டத்து மைதானத்தில் பழகி நன்றாகவே ஓட்டுவார்.

எங்கள் வீட்டில் தங்கச்சி புருஷனுக்கு எதையும் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. அரிசி அளந்தால் கும்பமாக அளப்போம், தேத்தண்ணி ஊற்றினால் விளிம்பு வரைக்கும். சார்ஜைக் குறைத்துக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் நாய் பொய்யாகிவிடும். மாலையில் பிளக்கில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றேன்... கழற்றவில்லை! மெதுவாக ஓட்டுகிற மனிதர், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் ரெஜினாவோடு வந்து, "ஃபுல்லா மச்சான்?" என்றார்.

"ஃபுல்" என்றேன். ஒற்றைச் சொல். வேறு என்ன சொல்லியிருந்தாலும் அவர் இன்றைக்கு முழு மனிதராக இருந்திருப்பார்.

அவர் ஏறி இறங்கிப் போக, நான் வாசலில் நின்று காது கொடுத்தேன். பள்ளத்தில் கீக் கீக் என்ற சத்தம்... திரும்பவும்... பிறகு ஒன்றுமே இல்லை. ரெஜினா செருப்புக்கூடப் போடாமல் என்னை முந்திக்கொண்டு ஓடினாள். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியிருந்தது. வலது கை மணிக்கட்டிலிருந்து வேறு யாருடையதோபோலத் திரும்பிக் கிடந்தது. தூக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவரோ என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உங்க வண்டிய உடைச்சிட்டேன் மச்சான் என்றார்.

"இறங்கும்போது கத்திச்சு. பவர் வருதுன்னு நினைச்சு அப்பிடியே விட்டுட்டேன்" என்றார். பிறகு, "உங்களுக்கு ஒருநாளும் இப்பிடி ஆகலதானே?" என்று கேட்டார்.

ரெஜினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மச்சான்" என்றேன்.

கேட்டீர்களா? அந்த இடத்திலும்! அந்தக் கட்டிலருகிலும்! மனிதன் இப்படியும் இருப்பானா என்று என்னை நானே திகைத்துப் பார்க்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, பாதரிடம் சின்னச் சின்னப் பாவங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, இதை மட்டும் விழுங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறேன்.

எலும்பு கூடிவிட்டது, பிடிதான் கூடவில்லை. கரண்டியில் சாந்து அள்ளினால் கை நடுங்குகிறது. டைல்ஸ் ஒரு நூல் விலகினாலும் வீட்டுக்காரர் விடமாட்டார் அல்லவா? மச்சான் இப்போது மற்ற பாஸ்மாருக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கிறார். குழைப்பதும் இடது கையால்தான்.

வண்டியைப் பழுது பார்த்துவிட்டேன். விற்க மனம் வரவில்லை, உடைக்கவும் வரவில்லை. விழுந்த பயம் மனதில் தங்கிவிடக் கூடாதாம், ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன் என்று மச்சான் சொல்லியனுப்பியிருக்கிறார். சேதி கொண்டுவந்தவள் ரெஜினா. "சார்ஜ் ஃபுல்லா போட்டு வைக்கச் சொன்னாரு அண்ணே" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்... ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறப்போவது நீங்கள் இல்லையே.