கடையில் ஓடியது, மச்சாள் வீட்டில் ஓடவில்லை

அண்ணனின் மகள் மஸ்கட்டில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தாள். அவளின் தாய், அதாவது என் மச்சாள், போய் நிற்க வேண்டும். ஆனால் அவரது கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க நாள் பதியும் வலைப்பக்கத்தில் எல்லா நாளும் நிரம்பியே கிடந்தது. யாராவது விலகினால் ஒரு நாள் தோன்றும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும்.

நான் வாகரையில், இணையமும் பிரதியெடுப்பும் உள்ள ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். பைதன் நிரல்மொழியைக் கைபேசிக் காணொளிகளில் பார்த்துப் பழகினேன். அந்தப் பக்கத்தைத் தானே திறந்து பார்த்து, நாள் தோன்றினால் மணி அடிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். உலாவியை இயக்க டிரைவர் என்று தனியாக ஒரு கோப்பு வேண்டும். அதையும் உள்ளே வைத்து எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டினேன். கடையின் மூன்று கணினிகளிலும் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது.

மச்சாள் வீட்டு மடிக்கணினியின் திரையில் ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறைந்தது. திரும்ப அழுத்தினேன். திரும்பவும் மறைந்தது.

"என்ன மச்சான், உங்கட சாமானுக்கும் உங்களப் போல வெக்கமா? ஆளக் கண்டதும் ஓடுது."

எனக்கு முகம் சுட்டது. பிழைச் செய்தியை ஒருவாறு பிடித்து வாசித்தேன்.

"டிரைவரக் காணல்லயாம் மச்சாள். உள்ளுக்குத்தான் வெச்சன்."

"வெச்ச சாமான் எங்க போகும்? வடிவாத் தேடுங்க. அவளுக்கு மாசம் கிட்டிற்று."

கடைக்கு வந்தால் ஓடியது. அங்கே போனால் ஓடவில்லை. மடிக்கணினியைச் சந்தேகித்தேன், இணையத்தைச் சந்தேகித்தேன். ஒன்றும் பிடிபடாமல், கடையில் அந்த டிரைவரை முதலில் வைத்திருந்த பழைய கோப்புறையின் பெயரை மாற்றிப் பார்த்தேன். கடையிலும் நின்றுவிட்டது.

பொதிக்குள் டிரைவர் இருந்தும் நிரல் அதைப் பார்க்கவே இல்லை. பழைய கோப்புறையில்தான் தேடியிருக்கிறது. கடையில் ஒரு கணினியின் டிஸ்கைப் பிரதி எடுத்துத்தான் மற்ற இரண்டுக்கும் போட்டிருந்தோம். மூன்றிலும் அதே கோப்புறை. மூன்று இடத்தில் சோதித்தேன் என்று நினைத்தேன். சோதித்தது ஒரே இடத்தில்.

பொதி ஓடும்போது தன்னை விரித்துக்கொள்ளும் தற்காலிக இடத்தில் தேடும்படி மாற்றினேன். மறுநாள் மச்சாள் வீட்டில் உலாவி திறந்தது. மத்தியானம் மணி அடித்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த மச்சாள் ஓடி வந்தார். திரையில் ஒரு திகதி. அது உண்மையான திகதியா, என் நிரலின் இன்னொரு பிழையா என்று எனக்குத் தெரியவில்லை.

"பொறுங்க மச்சாள், ஒருக்காப் பாத்திட்டு..."

"நீங்க பாத்து முடிய அவள் பெத்திருவாள்!"

என்னைத் தோளால் தள்ளிவிட்டு, செதில் ஒட்டிய விரலால் பதியும் பொத்தானை அழுத்தினார். பதிவாகிவிட்டது என்று வந்தது.

மச்சாள் மகளைத் தொலைபேசியில் அழைத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, பதிந்த திகதி இன்னும் இருக்கிறதா என்று பார்த்தபடி இருந்தேன்.