கண்ணாடி அப்பா

அந்த வார்டின் நர்சுகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கண்ணாடி அப்பா’. அவர் மூக்குக்கண்ணாடி அணிபவர் அல்லர். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நடைபாதைப் பக்கமாக நீண்ட கண்ணாடிச் சுவர் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் நேராக அங்கே வந்து, சுவருக்கு இப்புறம் நின்றபடி, ஓரத்தில் இருந்த இன்குபேட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் அவருடைய மகள் இருந்தாள். குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மஞ்சள் தொப்பி மட்டுமே. தொப்பி அசைந்தால் அன்று நல்ல நாள்.

தொழிலால் அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறியிறங்கும் இருட்டுக் குழிக்குள் பகல் முழுவதும் தனியாகத் தொங்கிக்கொண்டு வேலை செய்பவருக்குத் தனிமை புதிதல்ல. ஆனால் குழிக்குள் இருக்கும்போது கைக்கு வேலை இருந்தது. இங்கே இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பின்னால் கட்டிப் பார்த்தார். கால்சட்டைப் பைகளில் நுழைத்துப் பார்த்தார். கண்ணாடியில் வைத்தபோது, துடைக்கும் அம்மாள் வந்து, “அச்சு விழுது, கையை எடுங்க” என்றாள்.

மனைவி ஊரின் மறுகோடியில், வேறொரு மருத்துவமனையில் படுத்திருந்தாள். இரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்ததால், மாதம் நிறையும் முன்பே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். இவ்வளவு சிறிய உயிரைப் பார்த்துக்கொள்ள அங்கே வசதியில்லை என்று அன்றே ஆம்புலன்சில் இங்கே அனுப்பிவிட்டார்கள். தாய் மகளின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அவள் எழுந்து உட்காரவே நாளாகும் என்றார்கள்.

வார்டின் கதவில் ஒரு பலகை தொங்கியது: ‘தாய்மார்களுக்கு மட்டும் அனுமதி.’

“சிஸ்டர், ஒரே ஒரு தடவை உள்ள வந்து தொட்டுப் பாத்துக்கட்டுமா?” என்று அவர் மூத்த நர்சிடம் கேட்டார்.

“அம்மா வரட்டும் சார். போர்டைப் பாருங்க.”

“தினமும் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்.”

“அப்ப மனப்பாடம் ஆயிருக்குமே. என்னை ஏன் கேக்குறீங்க?”

மூத்த நர்சின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே தாய்மார்கள் வரிசையாக நாற்காலிகளில் சாய்ந்து, மேலாடையைத் திறந்து, குழந்தையை வெறும் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துப் படுக்க வைத்திருப்பார்கள். அந்த வரிசையில் ஓர் ஆணுக்கு நாற்காலி போட முடியாது. காரணம் நியாயமானதே. நியாயமான அந்தக் காரணத்தின் விலையை அவருடைய மகள் செலுத்திக்கொண்டிருந்தாள். மற்றப் பெட்டிகள் நாளில் ஒரு முறையேனும் காலியாகின. அவளுடைய பெட்டி மட்டும் காலியானதே இல்லை.

வேலையிடத்திலும் இதே கதைதான். சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டபோது மேற்பார்வையாளர் சிரித்தார். “பெட்டிக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நீ எதுக்குய்யா? பால் குடுக்கப் போறியா?” சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். சிரித்ததை நினைத்து வழியெல்லாம் தம்மையே நொந்துகொண்டார்.

ஒரு நாள் குழந்தை மருத்துவர் வெளியே வந்தபோது நடைபாதையில் அவரைக் கண்டு நின்றார். “உங்க பாப்பா மூச்சு அப்பப்ப தடுமாறுது. மருந்து குடுக்கிறோம். நெஞ்சோட சேத்து வச்சுக்க ஆள் இருந்தா இன்னும் நிதானமாகும்.”

“ஆள் இருக்கு டாக்டர். வெளிய நிக்குது.”

மருத்துவர் அவரையும் பார்த்தார், பலகையையும் பார்த்தார். “சிஸ்டர், மூலையில ஒரு திரை போட்டு நாற்காலி போட முடியாதா?”

“போடலாம். யாரும் கேட்டதில்ல.”

“இவர் தினமும் கேக்குறாரே?”

மூத்த நர்ஸ் அவரிடம் திரும்பினாள். “நாளைக்கு வாங்க. குளிச்சுட்டு, முன்னாடி பட்டன் வச்ச சட்டை போட்டுட்டு வாங்க. போனை வாசல்ல இருக்கிற பெட்டியில போட்டுடணும்.”

மனைவியிடம் தொலைபேசியில் சொன்னார். எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “நாளைக்கு அந்த நேரத்துக்கு நான் கூப்பிடுவேன். நீங்க எடுக்காதீங்க.”

“எடுக்கக் கூடாதுன்னா ஏன் கூப்பிடுற?”

“நீங்க எடுக்கலேன்னா பாப்பா உங்க நெஞ்சுல இருக்குன்னு அர்த்தம். மணி அடிக்கிறதைக் கேட்டுட்டே படுத்திருப்பேன்.”

மறுநாள் காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தம் நெஞ்சைப் பார்த்தார். அடர்ந்த முடி. மகளின் தோல் காகிதத்தை விட மெல்லியது என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. குத்துமே என்று தோன்றிவிட்டது. முகத்துக்கு வைத்திருந்த ரேசரை எடுத்தார். நெஞ்சை மழித்துப் பழக்கமில்லாத கை. மேட்டிலும் பள்ளத்திலும் அங்கங்கே வெட்டியது. எரிச்சலுக்கு முகத்துக்குப் போடும் லோஷனைத் தாராளமாகப் பூசினார்.

திரைக்குப் பின்னால் அவர் பட்டனைக் கழற்றியதும் மூத்த நர்ஸ் ஓரடி பின்வாங்கினாள்.

“என்ன சார் இது? கோழி உரிச்ச மாதிரி?”

“குத்தும்னு நெனச்சேன் சிஸ்டர்.”

“முடி இருந்தா என்ன, அதைப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கும். இப்ப இத்தனை வெட்டு. கிருமி தொத்தினா அந்தப் பிள்ளை தாங்குமா? இதுல வாசனை வேற.” அவள் குரலில் கோபம் குறைந்து வேறேதோ வந்தது. “காயம் காய்ஞ்சு பொருக்கு உதிரட்டும். அதுக்கப்புறம்தான்.”

கைப்பேசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தார். சரியாக அப்போது அது அடித்தது. எடுக்காமல் விட்டால் அவள் சந்தோஷப்படுவாள். மணி ஓயப்போகும் நேரம்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எடுத்தார்.

“எடுத்துட்டீங்க,” என்றாள் அவள்.

“ஆமா.”

“உள்ள விடலையா?”

நடந்ததைச் சொன்னார். கோழி என்றதையும் மறைக்கவில்லை. மறுமுனையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிரசவத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் சிரிப்பு. “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது. யாருங்க உங்களை மழிக்கச் சொன்னது?” சிரிப்பு பாதியில் நின்றது. அதன் பிறகு அவள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. இருவரும் போனை வைக்கவில்லை.

காயம் ஆறும்வரை மறுபடியும் கண்ணாடிக்கு இப்புறமே நின்றார். தினமும் அதே நேரத்துக்கு மனைவி கூப்பிடுவாள், அவர் எடுத்துவிடுவார். வீட்டில் யாருமில்லை, தொட்டிலுக்கென்று வாங்கிய துணி மடிப்புக் கலையாமல் கிடந்தது. குழிக்குள் வேலை செய்யும்போது சட்டைக்குள் கைவிட்டுப் பொருக்கைத் தடவிப் பார்ப்பார். பிய்த்துவிடத் துடித்த விரலை அடக்கிக்கொள்வார்.

கடைசியில் ஒரு மாலை மூத்த நர்ஸ் அவர் நெஞ்சை விளக்கடியில் உற்றுப் பார்த்துவிட்டு, “உக்காருங்க” என்றாள். முடி கட்டைகட்டையாக முளைத்துச் சொரசொரவென்று இருந்தது.

“இப்பத்தான் சிஸ்டர் நெஜமாவே குத்தும்.”

“பரவாயில்ல, அப்பான்னா அப்படித்தான்னு தெரிஞ்சுக்கட்டும்.”

ஒயர்களோடு சேர்த்துக் குழந்தையைத் தூக்கி, தவளையைப் போல் கைகால் மடித்து, அவர் நெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்தாள். தலையை ஒருக்களித்து, மேலே போர்வையை மூடினாள். “கையை மேல வையுங்க. தடவாதீங்க. இதுங்களுக்குத் தடவுறதுகூடத் தாங்காது. சும்மா வச்சுக்கோங்க, போதும்.”

முறுக்கவும் தளர்த்தவுமே பழகிய கை அது. சும்மா இருப்பது அதற்குத் தெரியாத வேலை. மெல்லக் கற்றுக்கொண்டது. மகளிடம் எடை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. சூடு மட்டும் இருந்தது. மூச்சையும் துடிப்பையும் காட்டும் மானிட்டரில் ஏறியிறங்கிக்கொண்டிருந்த எண்கள் சற்று நேரத்தில் ஓரிடத்தில் நின்று நிதானித்தன. “அம்மா இப்ப கூப்பிட்டுட்டு இருப்பா,” என்று மஞ்சள் தொப்பியிடம் சொன்னார். “நாம எடுக்கக் கூடாது.”

வெளியே வந்து வாசல் பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்தார். தவறிய அழைப்புகள். திரையில் மேலிருந்து கீழ்வரை, மனைவியின் எண்ணுக்கு அவர் வைத்திருந்த ‘வீடு’ என்ற ஒரே பெயர், தள்ளத் தள்ள வந்துகொண்டிருந்தது. ஒரு முறை கூப்பிட்டாலே தெரிந்திருக்கும். அவளோ மணி ஓயும்போதெல்லாம் மறுபடி போட்டிருக்கிறாள்.

திருப்பி அழைத்தார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெண் எடுத்தாள். “தூங்கிட்டாங்க அண்ணே. போனைக் காதுல வச்சபடியே. எழுப்பவா?”

“வேண்டாம்மா. தூங்கட்டும்.”

நடைபாதை விளக்குகளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். சட்டையின் மேல் பட்டனைப் போடப்போனவர் கையை எடுத்துக்கொண்டார். நெஞ்சில், ஓர் உள்ளங்கை அளவு இடத்தில், சூடு இன்னும் ஆறவில்லை. அதன்மேல் கையை வைத்து, அசைக்காமல், கண்ணாடிக்கு இப்புறம் நின்றார்.