திருமதி லீப்ஷரின் கறுப்பு உடை

டெட்லெஃப் நோய்பர்ட் என்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். 'பிரபு கோர்வின்' என்றால்தான் திரும்புவார். அதுவும் உடனே அல்ல. கழுத்தை மெதுவாகத் திருப்பி, கண்ணைப் பாதி மூடி, யாரோ சவப்பெட்டியைத் தட்டி எழுப்பிவிட்ட மாதிரி பார்ப்பார். ஜெர்மனியில் டோர்காவ் ஊரில் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த ஆள். வயது ஐம்பத்திரண்டு. முகத்தில் அப்பும் வெள்ளைப் பவுடரில் பாதி மத்தியானத்துக்குள் கீபோர்டில் உதிர்ந்துவிடும்.

லைப்சிக்கில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவருடைய 'ரூஸ்' பத்திரிகை நடந்தது. ரூஸ் என்றால் புகைக்கரி. இருண்ட இசை, இருண்ட உடை, இருண்ட பேட்டி. பதினோரு வருஷம் நான் அதற்குப் பக்கம் வடிவமைத்தேன்.

அவர் வாழ்க்கையின் ஒரே வேலை, யார் நிஜம், யார் வேஷம் என்று தீர்ப்புச் சொல்வது. ஹாலேயிலிருந்து ஒரு நர்ஸ், மூன்று மாதம் உட்கார்ந்து தானே தைத்த கவுனைப் போட்டுப் படம் அனுப்பியிருந்தாள். 'திரைச்சீலை நடந்து வருகிறது' என்று அதன் கீழே எழுதச் சொன்னார். அவருடைய காரில் நான் ஒரே ஒருமுறை ஏறினேன். பீர் விழாவில் மேஜையைத் தட்டிப் பாடுவார்களே, அந்த ரகப் பாட்டு அலறியது. "ரேடியோ தானா மாறிடுச்சு" என்றார்.

பெந்தெகொஸ்தே வார இறுதியில் நடக்கும் இருண்ட இசை விழாவுக்காக ஊர் முழுக்கக் கறுப்பு உடுத்தியவர்கள் நிறைந்துவிடுவார்கள். அந்த வருஷம் எங்கள் புகைப்படக்காரன் பென்னோ தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு படம் எடுத்து வந்தான். எழுபது வயதுக்கு மேலான ஒரு பெண்மணி, கழுத்துவரை பொத்தான் வைத்த கறுப்பு உடையில், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். டெட்லெஃப் அதை முழுப் பக்கம் போடச் சொன்னார். 'விழாவின் சிறந்த உடை' என்பது தலைப்பு. கீழே, 'உடை: ஆபெண்ட்ரோட் தையலகம், 420 யூரோ.' பின் அட்டையில் மாதாமாதம் விளம்பரம் தருவது அந்தத் தையலகம்தான்.

"அந்தம்மா யாருன்னே தெரியாதே. விசாரிச்சுட்டுப் போடலாமா?" என்று கேட்டேன்.

"விசாரிச்சா அழகு போயிடும். முகத்தப் பாரு. நாப்பது வருஷமா இருட்டுலயே வாழ்ந்த முகம். இது வேஷம் இல்ல."

நான் அதை டைப் அடித்துக் கொடுத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பொய்யை அடித்தது என் கை.

ஜூலையில் ஒரு நாள் அந்தப் பெண்மணியே படியேறி வந்தார். தோளில் காய்கறிப் பை, கையில் எங்கள் பத்திரிகை.

"பேர் லீப்ஷர். இங்க பிரபுன்னு யாரு?"

டெட்லெஃப் எழுந்து, குனிந்து, கையில் முத்தமிடப் போனார். திருமதி லீப்ஷர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"உக்காருங்க. பவுடர் கொட்டுது. இந்த உடை நானூத்தி இருபது யூரோவா?"

"அதே பாணின்னு ஒரு அர்த்தத்துல..."

"எங்கம்மா செத்தப்போ வாங்கினது இது. பெர்லின் சுவர் விழறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. அக்குள்ல ரெண்டு தடவ பிரிச்சுத் தெச்சிருக்கேன். அன்னிக்கு எங்க வீட்டுக்காரரைப் புதைச்சுட்டு, கால் வலிக்குதேன்னு உக்காந்தேன். அப்பதான் உங்க ஆள் எடுத்திருக்கான்."

மனுஷனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். டெட்லெஃபின் கண்கள் மின்னின.

"அப்போ நிஜமான துக்கம்" என்று முணுமுணுத்தார். "இன்னும் அற்புதம். ஒரு பேட்டி எடுத்துக்கலாமாம்மா?"

திருமதி லீப்ஷர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்கம்மா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. டோர்காவ்ல."

"நீங்க இப்படித்தான் வெளிய போறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

டெட்லெஃப் கீபோர்டில் கொட்டிய பவுடரை ஊதினார். திருமதி லீப்ஷர் என் பக்கம் திரும்பினார். "நீ எழுதிக்கம்மா. இந்த உடை என் சொந்த உடை. எந்தத் தையல்காரனும் எனக்குத் தெச்சுத் தரல. நான் என் வீட்டுக்காரர் எக்ஹார்ட்டைப் புதைக்கப் போயிருந்தேன். இந்தப் பத்திரிகைக்காரங்க யாரையும் எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் விருப்பம் இல்ல. ரோஸ்வித்தா லீப்ஷர். அவ்வளவுதான். அடுத்த இதழ்ல வரணும்."

அவர் இறங்கிப் போனதும் டெட்லெஃப் சொன்னார்: "போட முடியாது. ஆபெண்ட்ரோட் விளம்பரத்த நிறுத்திடுவான்."

இதழ் அச்சுக்குப் போகும் அன்று பிரபு பல் மருத்துவரிடம் போயிருந்தார். மாதாமாதம் நிலாவைப் பற்றி அவர் எழுதும் கவிதையைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் திருமதி லீப்ஷர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் வைத்தேன்.

இதழ் வந்ததும் மூன்று நாள் கத்தினார். நான்காம் நாள் கடிதங்கள் வரத் தொடங்கின. 'இந்த வருஷத்தின் மிகத் துணிச்சலான பக்கம்' என்று வாசகர்கள் உருகியிருந்தார்கள். கத்தல் நின்றது. இலையுதிர் காலத்தில், எர்ஃபுர்ட்டில் ஒரு மேடையில் ஏறி, 'மௌனமான துக்கத்துக்குக் குரல் கொடுக்க நான் முடிவுசெய்தேன்' என்றார். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தே சொன்னார். நா கூசவில்லை.

திங்கட்கிழமை வேலையை விட்டேன். இப்போது மருந்துக் கடைகளில் இலவசமாகக் கொடுக்கும் பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். மூட்டுவலித் தைலம், மூலிகைத் தேநீர். அங்கே யாரும் பிரபு இல்லை. 'ரூஸ்' இன்னும் வருகிறது. கவிதையும் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி.

அடுத்த வசந்தத்தில் திருமதி லீப்ஷர் எங்கிருந்தோ என் எண்ணை வாங்கி போன் செய்தார். அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் எக்ஹார்ட்டின் கல்லறையைத் தேடிப்பிடித்து வருகிறார்களாம். ரோஜா வைக்கிறார்களாம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களாம்.

"கல்லு முழுக்க மெழுகு. எப்படி எடுக்கறது?"

சனிக்கிழமை பிளாஸ்கில் வெந்நீரும் ஒரு மரக்கரண்டியும் எடுத்துக்கொண்டு போனேன். இருவரும் மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தபோது உயரத் தொப்பி வைத்த ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

திருமதி லீப்ஷர் பூவாளியை நீட்டினார். "மொதல்ல அந்தக் குழாய்ல தண்ணி பிடிச்சுட்டு வாங்க."

தொப்பிக்காரர் போனார், பிடித்து வந்தார், சொல்லாமலே செடிகளுக்கும் ஊற்றினார். திருமதி லீப்ஷர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"உங்க பிரபுவுக்கு இவன் தேவல" என்றார் என்னிடம். ஆனால் படம் எடுக்க விடவில்லை.