நான்காவது எடைக்கல்

1961 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. மட்டாஞ்சேரி பஜார் ரோடு, நல்லசிவத்தின் மிளகுக் கிடங்கு. பகல் 12.50-க்கு ஒரு சத்தம் ஆரம்பித்து 1.20-க்கு நின்றது.

கார் சீட்டும் கூரைத்துணியும் தைக்கிற தாவூது இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட அந்த நேரங்கள் மாறியதில்லை.

வண்டி நல்லசிவத்தின் பழைய ஆஸ்டின். பின்பக்க இடது கதவின் உள்பலகை, ரெக்சின் போர்த்தியது, வீங்கி வளைந்து கைப்பிடியை அசையவிடாமல் கவ்விக்கொண்டிருந்தது. மூன்று வருடத்தில் இரண்டு பேர் அதை நிமிர்த்தியிருந்தார்கள். இரண்டு தடவையும் மறுநாளே வளைந்துவிட்டது.

தாவூது கூலி கேட்கவில்லை. மனைவி ஜொஹரா பீவிக்கு நிறைமாதம். முந்தின இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. வலி எடுத்தால் எறணாகுளம் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டி வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

"தர்றேன். ஆனா அந்தக் கதவைச் சரிபண்ணாம அவளை ஏத்தக் கூடாது," என்றார் நல்லசிவம். காரணம் சொல்லவில்லை.

அன்று காலை வேலைக்குக் கிளம்பியவரை ஜொஹரா பிடித்துக்கொண்டாள். மழையில் ஊதிப்போய் வீட்டுக் கதவும் நிலையில் இறுகியிருந்தது.

"ஊரான் கார்க் கதவையெல்லாம் நிமித்துறீங்க. நம்ம கதவுக்கு எப்ப மச்சான் பெருநாள் வரும்?"

"ஜும்மா கழியட்டும் புள்ளே. சீவித் தர்றேன்."

"நான் இடிச்சுத் திறக்க மாட்டேன். உள்ள இருக்கிறவன் சண்டைக்கு வருவான்."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சாரல் அடிக்காமலிருக்கக் கதவை ஓங்கி இழுத்துச் சாத்தினார். அடுத்த வீட்டு ராசப்பன் குடும்பம் கல்யாணத்துக்குக் கும்பளங்கி போயிருந்தது.

கிடங்கில், கழற்றிய பலகையின் பிரிந்த அடுக்குகளுக்குள் காய்ச்சிய வஜ்ரப் பசையை விட்டார். சூடு ஆறுவதற்குள் பாரம் ஏற்ற வேண்டும். பசை இறுகும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஜும்மாவுக்குப் போகவில்லை. பலகையைத் தரையில் கிடத்தி, மிளகு நிறுக்கும் ஐம்பது ராத்தல் எடைக்கற்கள் மூன்றை அதன்மேல் வைத்தார். ஆட்கள் பள்ளிவாசலுக்கும் சோற்றுக்கும் போயிருந்தார்கள்.

12.50. பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிந்தது.

டொக்... டொக்...

எலி என்று நினைத்தார். காரைப் பார்த்தார். சத்தம் காரில் இல்லை. தரையில்... எடைக்கற்களுக்கு அடியில்.

12.58. மறுபடி நான்கு தட்டு. உள்ளங்கையால் தட்டுவதுபோல. ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் கண்ணாடி வளையல் சத்தம்.

நூற்றைம்பது ராத்தல் பாரத்தோடு பலகையின் நடு மெல்ல எழும்பியது.

விளிம்பில் தண்ணீர் கசிந்தது. தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

1.06. தட்டல் வேகமானது.

எழுந்தார். வீடு ஐந்து நிமிட நடை. போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் பசை... பலகை கோணினால் கதவில்லை. கதவில்லாமல் வண்டியில்லை. வண்டியில்லாமல் ஜொஹரா...

நான்காவது கல்லைத் தூக்கி வைத்தார்.

டொக்...

அதன்மேல் தானும் ஏறி உட்கார்ந்தார்.

டொக்...

1.20.

சத்தம் நின்றது.

பசை இறுகியதும் இறங்கினார். பலகை கண்ணாடிபோலத் தட்டையாக இருந்தது. 1.45-க்கு வீட்டை அடைந்தார். கதவு அசையவில்லை. உடைத்தார். கதவை ஒட்டித் தரையில் ஜொஹரா கிடந்தாள். உள்ளங்கை கன்றியிருந்தது. கீழே வளையல் துண்டுகள், பனிக்குடம் உடைந்த தண்ணீர்.

"வாங்கு கேட்டதிலேர்ந்து தட்டுறேன் மச்சான்..."

ஜொஹராவையும் நல்லசிவத்தையும் ஏற்றிக்கொண்டு, பலகையில்லாத கதவோடு வண்டி போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

வராந்தாவில், முதல்முறையாக, நல்லசிவம் இறந்துபோன தன் மனைவியைப் பற்றிப் பேசினார்.

"அம்பத்தெட்டுல சுந்தரிக்கு வலி எடுத்தப்பவும் இதே வண்டிதான். கப்பல் போறதுக்காக வழியில பாலத்தைத் தூக்கியிருந்தாங்க. நானும் டிரைவரும் இறங்கி நின்னோம். நல்ல மழை. உள்ள பலகை ஊதி, கைப்பிடி சிக்கியிருக்கு. தட்டியிருக்கா... வளையல் உடையற வரைக்கும் தட்டியிருக்கா தாவூது. நான் கப்பலைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

தாவூது தான் கேட்ட சத்தத்தை அவரிடம் சொன்னார். நான்காவது கல்லை வைத்ததையும் சொன்னார்.

பெண் குழந்தை பிழைத்தது. ஜொஹரா அன்று மாலை 4.10-க்கு இறந்தாள். அடுத்த வாரம் தாவூது பலகையைக் கதவில் பொருத்தினார். அதன் பிறகு அது வளையவில்லை.