மகளின் தோடு போட்ட காது

எங்கள் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளே எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். பரிசுத்தமான தேவனுக்கு முன் வெறும் காதோடு நிற்பதுதான் நாம் தரும் பதில் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் மனைவியும் கழற்றினாள். அவள் காதில் பல வருஷமாகத் துளை மட்டும்தான்.

மகள் போட்டாள். செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்ததும் சுங்குவார்சத்திரத்தில் வாங்கிய சின்னத் தோடு. ஞாயிறு காலை கழற்றுவாள், ஆராதனை முடிந்ததும் மாட்டிக்கொள்வாள். "ஒரு நாள் பரிசுத்தம், ஆறு நாள் ஷிப்டுப்பா" என்று சிரிப்பாள்.

போன மழைக்கு அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அந்தத் தோடுகளைப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, மகள் இல்லை என்று. வீட்டில் மனைவி அவற்றை வாங்கி, பாதி தூர்ந்துபோன துளையில் அழுத்தி மாட்டினாள். ரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

சபையின் மூத்த அக்கா ஒருத்தி வீடு தேடி வந்தாள்.

"இன்னாம்மா இது காதுல? கழட்டு. பரிசுத்தர் பாத்துக்கினு கீறாரு. வூட்ல ஏதோ அசுத்தம் பூந்ததாலதான் புள்ளய எடுத்துக்கினாரு."

"காத மட்டுந்தான் பாக்குறாராக்கா? கண்ணப் பாக்கலியா? ஒடஞ்ச கொழா மாதிரி ஊத்திக்கினு கீது."

அக்கா வாசல்வரை போய்த் திரும்பினாள். "திருவிருந்துல அப்பத்துக்குக் கை நீட்டிடாத" என்றாள்.

அந்த வாரம் முழுக்க வேதத்தை வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆலயம் புகையால் நிறைகிறது, நிலைக்கால்கள் அசைகின்றன. தேவனைக் கண்ட தீர்க்கதரிசி முதலில் அலறுவது தன் அசுத்த உதட்டைப் பற்றி. அடுத்தவர் காதை அவன் பார்க்கவே இல்லை. தன்னைத் தானே கழுவிக்கொள்ளவும் இல்லை. பலிபீடத்திலிருந்து நெருப்பு வந்து அவனைத் தொடுகிறது. இத்தனை வருஷம் அந்த நெருப்பை விட்டுவிட்டுத் துளைகளையா பார்த்துக்கொண்டிருந்தோம்? பரிசுத்தராய் இருங்கள் என்ற கட்டளைக்குச் சற்றுக் கீழேயே, அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை என்று இருக்கிறது. எங்கள் வயல்கள் கம்பெனி மதிலுக்குள் போய்விட்டன. விட்டுவைக்க எங்களிடம் இருந்த ஓரம் பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாய். அதில்தான் என் மனைவி உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. தகரக் கூரை கொதித்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்த பிள்ளைகள் கழுத்தில் ஐடி கார்டோடு தூங்கி வழிந்தார்கள். எல்லாரும் எழுந்து "பரிசுத்தர்" என்று சொன்னபோது அவளும் எழுந்தாள். வாய் அசையவில்லை. எல்லாரும் உட்கார்ந்ததும் அப்பத் தட்டோடு பாஸ்டர் அவளிடம் குனிந்தார். தூத்துக்குடிக்காரர், கடுமையானவர் இல்லை.

"தாயி, கழத்திரலாம்லா? நானே கையில வச்சிருக்கேன். முடிஞ்சதும் தந்துருதேன்."

"எம்பொண்ணு சூடு இன்னும் இதுல கீதுய்யா."

அவர் கண் கலங்கியது. பிறகு தட்டு அவளைத் தாண்டிப் போனது.

ஆண்கள் பக்கம் என்னிடம் வந்தபோது நான் தொடவில்லை. எழுந்தேன், நடுவிலிருந்த வழியைக் கடந்தேன், அவள் பாயில் போய் உட்கார்ந்தேன். சபையே திரும்பிப் பார்த்தது.

"இன்னாய்யா இது, பொம்பளைங்க பக்கம் வந்துகினு" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"எனக்கும் வேணாம்னுட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தள்ளிப் போகும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கய்யா வேணாம்னேன்? ரொம்பப் பசியாத்தான் கீது."